விரல் நீட்டின பன்னெண்டு நாள்

"எனக்கு எப்பத்தான் மேடம் பேஷண்ட் குடுப்பீங்க?"

கௌசிகா இப்படிக் கேட்டப்ப நான் கட்டில் விரிப்ப மாத்திக்கிட்டு இருந்தேன்.

ஹமீதா மேடம் எழுதிக்கிட்டு இருந்தத நிறுத்தினாங்க. "குடுத்திருக்கேனே."

"அவரையா? அவரு கையத் தொடக் கூடாதுன்னுட்டீங்க. எங்கூட வந்தவங்க ஆளுக்கு எட்டுப் பேரு, பத்துப் பேருன்னு பாக்குறாங்க. நான் ஒரு மனுசன் தண்ணி குடிக்கிறத வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"எப்படிக் குடிக்கிறாரு?"

"டம்ளர்லதான் மேடம்."

மேடம் மேசை மேல இருந்த எவர்சில்வர் டம்ளர எடுத்து அந்தப் பிள்ள கையில வச்சாங்க.

"போய்த் திரும்பப் பாரு."

அவ்வளவுதான். மறுபடி எழுத ஆரம்பிச்சிட்டாங்க.

நான் பாக்கியத்தாய். எங்க ஊரு பெரியாஸ்பத்திரி எக்சர்சைஸ் ரூம்ல, அதான் பிசியோதெரபின்னு போர்டு போட்டிருக்கும், கூட்டித் துடைக்கிறவ. பதினெட்டு வருசமா இதே ரூமு, இதே கட்டிலு. படிப்பு வாசனை கிடையாது. பாத்ததச் சொல்லுவேன், பிடிக்காததத் திட்டுவேன்.

ஹமீதா மேடம் எங்க ரூமுக்குப் பெரியவங்க. கெட்டிக்காரங்க. நல்ல மனசு. ஒரே ஒரு குறை. அவங்க வாயத் தொறந்து ஒரு விசயத்தச் சொல்றதுக்குள்ள நமக்கு உசுரு போயிரும்.

காலேஜ் முடிக்கிற பிள்ளைங்க கடைசி ஆறு மாசம் எங்ககிட்ட வந்து வேலை பழகுங்க. அதுங்க என்ன கேட்டாலும் மேடம் "பாரு"ம்பாங்க. பாத்துட்டு வந்து நின்னா "திரும்பப் பாரு"ம்பாங்க.

"ஏன் மேடம் இப்படி வதைக்கிறீங்க? ரெண்டு வார்த்த சொன்னா என்ன?"ன்னு ஒருக்க கேட்டேன்.

"சொன்னா காதுல நிக்கும் பாக்கியம். தானாப் பாத்தாத்தான் கையில நிக்கும்."

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

சரி, அந்த மனுசனப் பத்திச் சொல்லிடுறேன்.

சோலையப்பன், பைபாஸ் ரோட்டுக் கடையில பரோட்டா மாஸ்டர். முப்பத்தாறு வயசு. சித்திரை வெயில்ல குளிக்கப் போய்க் கிணத்துல தலைகீழா டைவ் அடிச்சாரு. தண்ணி இடுப்பளவுதான் இருந்திருக்கு. கழுத்து ஒடிஞ்சுபோச்சு.

காலு ரெண்டும் போச்சு. கையில தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்ட மேல தூக்க முடியும். விரல் பத்தும் செத்துப்போச்சு. ஒண்ணக்கூட அசைக்க முடியாது.

அந்தச் செத்த விரல வச்சுக்கிட்டு மனுசன் தானா தண்ணி குடிச்சாரு. எப்படின்னு கேளுங்க.

விரலெல்லாம் லேசா உள்ள மடங்கி இறுகியிருந்துச்சு. மணிக்கட்டத் தொங்கவிட்டா விரல் தொறக்கும். டம்ளர நடுவுல விட்டு மணிக்கட்ட மேல தூக்கினா விரல் தானா வந்து மூடிக்கும். மூடுறது அவரில்ல, அந்த இறுக்கம். இறுகுன நரம்பு இழுத்து மூடுது. அப்படியே டம்ளர வாய்க்குக் கொண்டுபோயிருவாரு.

இதெல்லாம் பின்னாடி எனக்குச் சொன்னாங்க. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது, மனுசன் தானாக் குடிக்கிறாருங்கிறது மட்டுந்தான்.

அவருக்கு அந்த டம்ளர்தான் எல்லாம். ஒண்ணுக்கு டியூப் போட்டிருக்கு. மணிக்கொரு தரம் தண்ணி குடிக்கணும், இல்லன்னா கிருமி ஏறிக் காய்ச்சல் வந்துரும்னு டாக்டருங்க சொல்லியிருந்தாங்க. அவரு சம்சாரம் பொன்மாரிக்குத் தெருக்கோடித் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை தர்றேன்னிருந்தாங்க. மத்தியானம் ஒருக்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போலாம். நடுவுல அவரே எடுத்துக் குடிச்சுக்கணும்.

குடிச்சுக்கிட்டா அவ வேலைக்குப் போவா. இல்லன்னா அந்த வீட்டுல ரெண்டு பேரும் படுத்துக் கெடக்க வேண்டியதுதான்.

கௌசிகா பாத்துட்டு வந்து நோட்டக் காட்டுச்சு.

"விரல் பத்தும் இறுகிப்போயிருக்கு மேடம். நீட்டி விடணும்."

"திரும்பப் பாரு."

சாயங்காலம் மறுபடி வந்துச்சு. "மேடம், இறுக்கம் ஜாஸ்தியாத்தான் இருக்கு. விட்டா நிரந்தரமா மடங்கிப்போயிரும்."

"திரும்பப் பாரு."

"நான் பாத்தது தப்பா மேடம்?"

"பாத்தது தப்பில்ல."

"அப்புறம்?"

மேடம் பதிலுக்குச் சிரிச்சாங்க. எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பிள்ள எப்படித் தாங்குச்சோ!

அது கெட்டிக்காரப் பிள்ள. காலேஜ்ல மொத ஆளு. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி தீக்காய வார்டுல இருந்துச்சு. அங்க எண்ணெய்ச் சட்டி கவுந்து கை வெந்துபோன ஒரு அம்மா. வெந்த தோலு இறுகி, கை மூடினது மூடினபடியே நின்னுபோச்சு. இந்தப் பிள்ளதான் தினமும் உக்காந்து, பொறுமையா, விரல் விரலா நீட்டி நீட்டி அந்தக் கையத் தொறந்து விட்டுச்சு. அந்த அம்மா தொறந்த கையால பிள்ள கன்னத்தத் தடவி அழுதுச்சாம். வார்டே கை தட்டுச்சாம். இத எங்கிட்ட நாலு தரமாவது சொல்லியிருக்கும்.

கையத் தொறந்து பழகின பிள்ள. மூடின கையப் பாத்தா அதுக்கு இருப்புக் கொள்ளல.

அடுத்த வாரம் மேடத்துக்குப் பரீட்சை டூட்டி, வெளியூர்ல பன்னெண்டு நாளு. இன்னொரு சார் இருந்தாரு. அவருக்கு மூட்டுவலிக் கூட்டத்தப் பாக்கவே நேரம் பத்தாது.

கிளம்பும்போது கௌசிகா வாசல் வரைக்கும் போச்சு. "மேடம், நீங்க வர்ற வரைக்கும் நான் என்ன செய்யட்டும்?"

"பாத்துக்கிட்டு இரு. வந்ததும் என்ன பாத்தேன்னு சொல்லு."

போயிட்டாங்க.

மறுநாள் காலையில பிள்ள சோலையப்பன் முன்னாடி ஸ்டூலப் போட்டு உக்காந்துச்சு.

"அண்ணே, உங்க விரல நீட்டி விடட்டுமா?"

"நீட்டுனா நல்லதா டாக்டரம்மா?"

"கை கை மாதிரி இருக்கும்ணே."

"அப்ப நீட்டுங்க."

மணிக்கட்ட மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு விரலையும் பின்னால நீட்டுச்சு. முப்பது எண்ணுச்சு. விட்டுச்சு. மறுபடி நீட்டுச்சு.

"வலிக்குதாண்ணே?"

"பாதி விரல்ல ஒண்ணுமே தெரியலம்மா."

ஒரு கையாவது விட்டு வச்சிருக்கலாம். அதுவும் இல்ல. ரெண்டு கையையும் ஒழுங்கா, ஓரவஞ்சனை இல்லாம நீட்டுச்சு. காலையில அரைமணி, சாயங்காலம் அரைமணி.

ரெண்டாம் நாளு எங்கிட்ட வந்துச்சு. "அக்கா, மேடம் போன் பண்ணினா சொல்லிராதீங்க. வந்ததும் நானே காட்டப் போறேன். சர்ப்ரைஸ்."

எனக்குந்தான் என்ன கெட்ட புத்தி! அக்கான்னு கூப்பிட்டா உருகிருவேன். "நான் ஏன் பாப்பா சொல்றேன்"னு தலைய ஆட்டினேன். மேடம் ரெண்டு தரம் போன் பண்ணினாங்க. ரூமு நல்லா இருக்கு, பிள்ளைங்க நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்குன்னு வச்சேன். இன்னிக்கும் அத நெனச்சா என்னையே செருப்பால அடிச்சுக்கலாம்னு வரும்.

அஞ்சாம் நாளு விரல் இளகிக் குடுக்க ஆரம்பிச்சுச்சு. அந்தப் பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கல. "பாருங்கண்ணே, பாருங்கண்ணே"ன்னு அவரு கையத் தூக்கித் தூக்கி அவருக்கே காட்டுச்சு.

எட்டாம் நாளு பலகை மேல கைய வச்சா விரல் பத்தும் மட்டமா நின்னுச்சு. பொன்மாரி போன்ல படம் எடுத்தா. "மாவு அடிச்ச கை அப்படியே வந்துருச்சே!"ன்னு அழுதா. சோலையப்பன் சிரிச்சாரு. அந்தப் பிள்ள கண்ணத் துடைச்சுச்சு. நானும் துடைச்சேன். கூட்டம் கூடி நின்னு ஒரு மனுசனக் குழியில தள்ளுனோம், அழுதுக்கிட்டே.

மேடம் ஒரு வியாழக்கிழமை வந்தாங்க. மறுநாள் அவருக்கு டிஸ்சார்ஜ். திங்கக்கிழமை பொன்மாரி வேலைக்குச் சேரணும்.

பையக் கூட எறக்கி வைக்க விடல அந்தப் பிள்ள. "மேடம், இங்க வாங்களேன். ஒண்ணு காட்டணும்."

சோலையப்பன் வீல் சேர்ல, மடியில பலகை. பலகை மேல ரெண்டு கை. பத்து விரலும் நேரா.

மேடம் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"பாக்கியம், ஒரு டம்ளர் தண்ணி."

கொண்டுவந்து பலகையில வச்சேன்.

"குடிங்க சோலையப்பன்."

மணிக்கட்டத் தொங்கவிட்டாரு. விரலு டம்ளரச் சுத்தி நின்னுச்சு. மணிக்கட்ட மேல தூக்கினாரு. விரல் மூடல. சும்மா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. டம்ளர் சாஞ்சு தண்ணி மடியில கொட்டிருச்சு.

"இன்னொரு தரம்."

நான் மறுபடி ஊத்தினேன். மறுபடி கொட்டுச்சு.

பொன்மாரி முந்தானையால தொடையத் தொடச்சுவிட்டுக்கிட்டே சிரிச்சா. "மேடத்தப் பாத்ததும் கூச்சம் அவருக்கு. கொஞ்சம் கை அசதி வேற. நாளைக்குச் சரியாயிரும்."

"இடது கையில."

அதுலயும் நிக்கல.

மேடம் திரும்பினாங்க. "எத்தன நாளா நீட்டுற?"

"பன்னெண்டு நாளு மேடம்." என்ன தப்புன்னு பிள்ளைக்குத் தெரியல. ஆனா தப்புன்னு தெரிஞ்சுபோச்சு.

"உன் கையக் குடு."

குடுத்துச்சு.

"தளர விடு. நீயா எதும் பண்ணாத."

மேடம் அந்தப் பிள்ள மணிக்கட்டத் தொங்கவிட்டாங்க. விரல் தொறந்துச்சு. மணிக்கட்ட மேல தூக்கினாங்க. விரல் தானா உள்ள மடங்குச்சு. இன்னொரு தரம் செஞ்சாங்க. இன்னொரு தரம்.

"அவருக்கு இருந்தது இது ஒண்ணுதான்."

பிள்ள தன் கையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் அவரு கையப் பாத்துச்சு. அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு அதுகிட்ட இருந்து. அந்த மாதிரி சத்தம் அந்த ரூம்ல நான் நோயாளிங்ககிட்டத்தான் கேட்டிருக்கேன்.

"ஒரு நிமிசம் மேடம்."

"என்ன?"

"இதக் காட்ட உங்களுக்கு ஒரு நிமிசந்தான் ஆச்சு. நான் வந்த அன்னிக்கே காட்டியிருக்கக் கூடாதா? திரும்பப் பாரு, திரும்பப் பாருன்னு... நான் வந்து வந்து கேட்டேனே மேடம்!"

இத்தன வருசத்துல மேடத்த எவரும் அப்படிக் கத்திக் கேட்டதில்ல. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன்.

"காட்டியிருக்கணும்"னாங்க.

அப்புறம் கௌசிகா உக்காந்த ஸ்டூல இழுத்துப் போட்டு சோலையப்பனுக்கு எதிர்ல உக்காந்தாங்க.

"சோலையப்பன், உங்க கைய நாங்க கெடுத்துட்டோம்."



"இறுக்கம்தான் உங்களுக்குப் பிடி. அத நீட்டக் கூடாது. இந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அதுவா கண்டுபிடிக்கட்டும்னு சொல்லாம விட்டுட்டேன். உங்க கைய வச்சு நான் பாடம் நடத்திட்டேன்."

பொன்மாரிக்கு அப்பத்தான் விளங்குச்சு.

"பாடமா?"ன்னு எந்திரிச்சா. "உங்களுக்குப் பாடம் படிக்க எங்க வீட்டு மனுசன்தான் கெடச்சாரா? ஏற்கனவே ஒடிஞ்சு கெடக்கிறவரு! அவருக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு மடக்குத் தண்ணி!"

அவ கேட்டதுல ஒரு எழுத்துத் தப்பில்ல. நான் டம்ளர எடுத்துக்கிட்டு ஓரமாப் போய் நின்னேன். எனக்கும் அதுல பங்கு இருக்குன்னு சொல்ல வாய் வரல.

அப்புறம் அவளே கேட்டா. "திரும்ப வருமா?"

"விரல மடக்கிக் கட்டி வச்சு மறுபடி இறுக விடணும். மாசக்கணக்காகும். வரலாம். பழையபடி வராமலும் போகலாம்."

"நான் திங்கக்கிழமை போகணும் மேடம். போகலன்னா அந்த எடத்துல வேற ஆள வச்சிருவாங்க."

"போங்க. டிஸ்சார்ஜ நிறுத்தச் சொல்றேன். தண்ணி நாங்க குடுக்குறோம்."

"எத்தன நாளைக்கு?"

மேடம் எந்திரிச்சு டிஸ்சார்ஜ நிறுத்தச் சொல்லப் போனாங்க.

மறுநாள் கௌசிகா பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. ராத்திரி பூரா அழுத மொகம்.

"நான் வீட்டுக்குப் போறேன் மேடம். படிச்சது போதும். இனிமே நான் யார் கையையும் தொட மாட்டேன்."

மேடம் சுவத்துக் கடிகாரத்தப் பாத்தாங்க.

"மணி பத்தாகுது. அவரு தண்ணி குடிக்கிற நேரம்."

பிள்ள அங்கயே நின்னுச்சு. முள்ளு பத்தத் தாண்டுச்சு. பையக் கழட்டி மேசைக்கடியில வச்சுட்டுப் போச்சு.

அன்னியில இருந்து அதுக்கு அதான் வேலை. காலையில பொன்மாரி பஸ் ஏறினதும் வந்துரும். மணிக்கொரு தரம் தண்ணி. நடுவுல விரல மடக்கித் துணிப்பட்டையால கட்டி வைக்கிறது. எப்படிக் கட்டணும், எந்த விரல எவ்வளவு மடக்கணும், மணிக்கட்ட எப்படி வச்சுக்கிட்டா விரலத் தொடலாம், எப்படி வச்சா தொடவே கூடாதுன்னு மேடம் பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா வாய்விட்டுச் சொன்னாங்க. சொல்லிட்டு, "வெளங்குச்சா? எங்க, நீ சொல்லு"ன்னு திருப்பிக் கேட்டாங்க. அவங்க அவ்வளவு பேசி நான் பாத்ததில்ல. தொண்டை கட்டிக்கிச்சு பாவம்.

சோலையப்பனுக்குத் தண்ணி குடுக்கவும் பிள்ளைக்கு மொதல்ல தெரியல. வேகமா ஊத்திப் பொறை ஏத்திருச்சு. அவரால பலமா இருமக்கூட முடியாது. அன்னிக்கு நான் ஓடிவந்து நெஞ்சத் தாங்கிப் பிடிச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் அவரு மொகத்தப் பாத்துப் பாத்துக் குடுக்கப் பழகிக்கிச்சு.

அவரு ஒரு நாளும் கோவிச்சுக்கல. ஒரு வார்த்த குத்திப் பேசல. அதுதான் அந்தப் பிள்ளையத் தின்னுச்சு.

நாலு வாரம் போச்சு. கட்ட அவுத்துட்டு டம்ளர வச்சுப் பாத்தாங்க. விரல் லேசா அசைஞ்சு வந்துச்சு. பிடிக்கல. டம்ளர் சாஞ்சுருச்சு.

"இன்னும் நாளாகும்"னு சொல்லிட்டு மேடம் அடுத்த கட்டிலுக்குப் போனாங்க. அந்த நடையிலயே தெரிஞ்சுச்சு, அவங்களுக்கு நம்பிக்கை கொறைஞ்சுருச்சுன்னு.

கௌசிகா பலகையத் தொடச்சுச்சு. டம்ளர்ல தண்ணி ஊத்தி அவரு வாய்ல வச்சு மெதுவாக் குடுத்துச்சு. குடிச்சு முடிச்சதும் தாடையத் தொடச்சுவிட்டுச்சு. நான் பக்கத்துக் கட்டில விரிச்சுக்கிட்டு இருந்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க டாக்டரம்மா."

"டம்ளர் நிக்கலன்னு உங்களுக்கு எப்பண்ணே தெரிஞ்சது? மேடம் வந்த அன்னிக்குத்தானா?"



"ஆறாம் நாளு."

"ஆறாம் நாளேவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனேண்ணே! பாதிக் கையாவது மிஞ்சியிருக்குமே! ஏண்ணே சொல்லல?"

"பொன்மாரிகிட்ட கை அசதியா இருக்கு, நீயே ஊட்டுன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சோலையப்பன் அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தாரு.

"கழுத்து ஒடிஞ்ச நாள்ல இருந்து என் கையப் பாத்தவங்க எல்லாரும் அழுதாங்க, இல்ல மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. பாத்து சந்தோசப்பட்டது நீங்க ஒருத்தருதாம்மா. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."